தேய்ந்த சப்பாத்தின் வெற்றிடம்

ஜெனீவா

ஐ.நா. அலுவலக வாசலுக்கு எதிரே அந்த நாற்காலி நிற்கிறது. மூன்று கால்கள் முழுசு. நான்காவது கால் பாதியில் பிய்ந்து, சிலாம்பு சிலாம்பாகக் கீழ்நோக்கித் துருத்திக்கொண்டிருக்கிறது. 12 மீட்டர் உயரம், ஐந்தரை டன் மரம். கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒப்பந்தத்தில் நாடுகள் கையெழுத்திட வேண்டும் என்று வலியுறுத்த, 1997-இல் சுவிஸ் சிற்பி டானியல் பெர்சே வடிவமைத்தது. மூன்று மாதம் வைத்திருந்து எடுத்துவிடுவது என்றுதான் முதலில் பேச்சு. சதுக்கத்தைச் செப்பனிட்ட 2005 முதல் 2007 வரையிலான காலம் நீங்கலாக இன்றுவரை அங்கேயே இருக்கிறது. இலங்கை அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது 2017-இல். இந்தியா இன்னும் சேரவில்லை.

நான் சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவன். பொது இடத்துச் சிலை என்றால் எங்களுக்கு மெரினாவின் உழைப்பாளர் சிலைதான். எங்கள் கல்லூரிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரான ராய் சௌத்ரி செய்தது. பாறையை நெம்பும் அந்த நான்கு பேரின் முதுகையும் தொடையையும் பார்த்துப் பார்த்துத்தான் களிமண்ணில் கை வைத்தோம். உடம்பைக் காட்டினால்தான் வலி தெரியும் என்பது யாரும் சொல்லாமலே எங்களுக்குள் பதிந்துவிட்ட பாடம். ஜெனீவாவில் உடம்பே இல்லை. காலை இழந்தவர் யார், அவர் எப்படி உட்காருவார் என்பதையெல்லாம் பார்க்கிறவர்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் மாதம். மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது. பேரவை கூடும்போதெல்லாம் ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து ஈழத்தமிழர்கள் இந்தச் சதுக்கத்துக்கு வந்து நிற்பது வழக்கம். 2009 பிப்ரவரி 12 அன்று, லண்டனிலிருந்து வந்த முருகதாசன் என்ற இளைஞர், போரை நிறுத்தச் சொல்லித் தன் உயிரை விட்டதும் ஐ.நா. வாசலில்தான். நான் போன அன்று நாற்காலியின் நிழலில் சிறு கூட்டம் இருந்தது. பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்த ஓர் அம்மா, ஊர் எது என்று விசாரித்தார். அவர் மடியில் ஓர் இளைஞனின் படம், லேமினேட் செய்தது.

“என்ர மூத்தவன், தம்பி. வட்டுவாகலில வைச்சு ஆமியிட்டக் கையளிச்சனாங்கள். பேந்து ஒரு தகவலும் இல்லை.”

படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே பளபளப்பாக இருந்த பிளாஸ்டிக், கீழே இரண்டு ஓரங்களில் மட்டும் மங்கிப் போயிருந்தது. கட்டைவிரல்கள் பிடிக்கும் இடம். இத்தனை வருடக் கூட்டங்களில் தூக்கிப் பிடித்த தேய்மானம். முகம் தெளிவாக இருந்தது. என் கண் போனதெல்லாம் அந்த மங்கிய ஓரங்களுக்குத்தான்.

லோசான்

ஜெனீவாவிலிருந்து லோசானுக்கு ஏரிக்கரையோடு ரயில் போகிறது. எதிர்க்கரையில் பிரான்சின் மலைகள். லோசானைத் தாண்டினால் லாவோ திராட்சைத் தோட்டங்கள். நீர்மட்டத்திலிருந்து மலை உச்சி வரை கல்லடுக்கிக் கட்டிய படிகள். நூற்றாண்டுகளாக அடுக்கிய அந்தச் சுவர்களுக்காகவே 2007-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது.

லோசானில் நான் தேடிப் போனது 1976-இல் திறந்த ‘ஆர் ப்ரூட்’ தொகுப்பை. கலைப்பள்ளியின் படியை மிதிக்காதவர்கள், மனநல விடுதிகளிலும் சிறைகளிலும் தனிமையிலும் கிடந்தவர்கள் செய்தவற்றை ஓவியர் ஜான் துபுஃபே பல வருடம் சேகரித்து இந்நகருக்குக் கொடுத்தார். அங்கே ஒரு கல்யாண உடை இருக்கிறது. செய்தவர் மார்கெரித் சிர்வேன். பிரான்சின் சேன்-அல்பான் மனநல விடுதியில் இருந்தவர். தன் கல்யாணத்துக்கென்று அவரே பின்னியது. அந்தக் கல்யாணம் அவர் மனதில் மட்டும் நடந்தது. விடுதியில் படுக்கை விரிப்புகள் நைந்து போனதும் அவற்றிலிருந்து நூலை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, தையல் ஊசியால் வருடக்கணக்கில் பின்னியிருக்கிறார்.

கிட்டப் போனால் நூலின் நிறம் ஒரே மாதிரி இல்லை. சில இடம் வெள்ளை, சில இடம் பழுப்பு. யார் யாரோ படுத்துப் புரண்டு, துவைத்துத் துவைத்து நைந்த துணி அது. புது நூல் வாங்கி இதே உடையைப் பின்னியிருந்தால் திறமையான கைவேலை என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். எங்கள் கல்லூரியில் பொருளைத் தேர்ந்தெடுப்பது என்றால் களிமண்ணா, பிளாஸ்டரா, ஃபைபரா என்பதோடு முடிந்துவிடும். அந்தப் பொருள் அதற்குமுன் என்ன வேலை பார்த்தது என்று யாரும் கேட்டதில்லை.

பேர்ன்

பேர்னில் தங்கியது ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில். வீட்டுக்காரர் எண்பதுகளின் நடுவில் வந்தவர். 83 கலவரத்துக்குப் பிறகு இந்நாட்டுக்கு வந்த முதல் அலை. வந்த புதிதில் எல்லோருக்கும் கிடைத்த வேலைதான் அவருக்கும், உணவகத்தில் கோப்பை கழுவுவது. பிறகு காய் வெட்டி, சாலட் அடுக்கி, கடைசியில் அடுப்புக்கு முன்னால் நின்று ஓய்வு பெற்றார்.

“தம்பி, சுவிஸ்காரனுக்கு ரோஸ்டி எப்படிப் பொரிக்கிறதெண்டு நான் சொல்லிக் குடுத்தனான்” என்றார். பெருமைக்குச் சொன்னதில்லை என்பது சாப்பிட்டபோது தெரிந்தது. அவித்து ஆறவைத்த உருளைக்கிழங்கைத் துருவி, வெண்ணெயில் இரண்டு பக்கமும் முறுகவிட்டு, தட்டைக் கவிழ்த்துத் திருப்பிப் போட்டார். பக்கத்தில் அவர் மனைவி அரைத்த தேங்காய்ச் சம்பல். பேர்ன் பகுதி உழவர்களின் பழைய காலை உணவுக்கு யாழ்ப்பாணம் செய்த திருத்தம் அது.

அவர்கள் மகள் பாசலில் சிற்பம் படிக்கிறாள். அன்று மாலை என்னை ஊர் காட்டக் கூட்டிப்போனாள். முதலில் நிறுத்தியது வைசன்ஹவுஸ் சதுக்கத்து நீரூற்றுக்கு முன்னால். 1983-இல் மெரெட் ஒப்பன்ஹைம் அமைத்தது. 1936-இல் தேநீர்க் கோப்பைக்கும் கரண்டிக்கும் மிருகத் தோலின் மென்மயிரைப் போர்த்தி உலகத்தையே முகம் சுளிக்க வைத்தவர். நீரூற்று ஒரு கான்கிரீட் தூண். அதைச் சுற்றித் திருகிய வரியில் தண்ணீர் வழிகிறது. கட்டியபோது நகரத்தார் பலருக்கு இது பிடிக்கவில்லை. இப்போது தூணே தெரியவில்லை. தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு படிந்து பாறையாகி, அதன்மேல் பாசி, பெரணி, புல். குளிர்காலத்தில் பனிக்கட்டி தொங்குமாம். சிற்பி செதுக்கியதைவிடத் தண்ணீர் செய்தது அதிகம். நம் ஊர்க் கோயில் குளத்துப் படியில் பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம்.

ஆறே நதி பச்சை நிறத்தில் ஊரை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. பாலத்தைக் கடந்தால் குன்ஸ்தாலே என்னும் கண்காட்சிக் கூடம். 1969-இல் அதன் இயக்குநராக இருந்த ஹரால்ட் ஸேமான் அங்கே நடத்திய ஒரு கண்காட்சியைப் பற்றிக் கலை வரலாறு படிக்கிற எல்லோரும் படித்திருப்பார்கள். யோசெப் போய்ஸ் சுவரோரங்களில் கொழுப்பை அப்பினார். மைக்கேல் ஹைசர் இரும்புக் குண்டால் வாசல் நடைபாதையை உடைத்தார். லாரன்ஸ் வீனர் சுவரிலிருந்து ஒரு சதுரம் பூச்சைப் பெயர்த்தெடுத்தார். பெயர்த்த இடம்தான் படைப்பு. ஊரார் கோபத்தில் வாசலில் சாணத்தைக் கொட்டினார்கள். ஸேமான் அந்த வருடமே பதவியை விட்டார்.

“இப்ப பெருமையாச் சொல்லுகினம். அப்ப துரத்திப்போட்டினம்” என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் ஐரோப்பாப்ளாட்ஸில் இருக்கும் சமயங்களின் இல்லத்துக்குப் போனோம். 2014 டிசம்பரில் திறந்தது. பள்ளிவாசல், தேவாலயம், புத்த விகாரை, அலெவி வழிபாட்டு மன்றம், சைவக் கோயில் ஐந்தும் ஒரே கூரையின்கீழ். சைவக் கோயிலில் தமிழில்தான் வழிபாடு. பெண்களும் பூசை செய்கிறார்கள். நம் ஊரில் வழக்குமன்றம் வரை போய் நிற்கிற சங்கதி அங்கே ஒரு சாதாரணக் காலைப் பூசையாக நடந்துகொண்டிருந்தது.

பாசல்

மாணவியின் வேலைக்கூடம் பெரிய கிடங்கின் ஒரு மூலை. மேசைமேல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தா. சனாதனனுடைய தோம்பு நூல். இடம்பெயர்ந்தவர்களை, விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லி, அந்தக் கோணல் கோடுகளையும் அவற்றிலிருந்து வரைந்த கட்டடக்கலைப் படங்களையும் தன் ஓவியங்களையும் சேர்த்து 2011-இல் அவர் வெளியிட்ட நூல். பக்கங்களுக்கு இடையில் இவள் செருகியிருந்த காகிதத் துண்டுகள் ஏராளம்.

“எனக்கு வரைய வீடு ஒண்டும் இல்லை மாமா. நான் இஞ்ச பிறந்தனான். அப்பான்ர சப்பாத்துத்தான் இருக்கு.”

அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினாள். சமையலறை வேலைக்குப் போடும் கனத்த கறுப்புச் சப்பாத்து. வலது அடிப்பாகத்தின் வெளிவிளிம்பு சரிந்து தேய்ந்திருந்தது. கழுவுதொட்டி எப்போதும் இடப்பக்கம், சுத்தமான கோப்பை அடுக்குவது வலப்பக்கம். வலது காலை ஊன்றித் திரும்பித் திரும்பி வந்த தேய்வு. அப்பா எந்தக் கையால் வாங்கி எந்தப் பக்கம் வைத்தார் என்பதை இந்த அடிப்பாகத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இதை மெழுகில் எடுத்து, வெண்கலத்தில் வார்க்க நினைத்திருந்தாள். சுவாமிமலையில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டாள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருப்பிடிப்பது, தென்னை ஓலையை மடித்து மடித்து ஒடியோலையால் அளவு பார்ப்பது, காவிரி வண்டலை முதல் பூச்சாகப் பூசி நிழலில் காயவிட்டு, மேலே மேலே மண் அப்பிக் கம்பி கட்டுவது, வரட்டி மூட்டத்தில் மெழுகை உருக்கி வெளியேற்றுவது, பிறகு அந்தக் குழிக்குள் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைப்பது. ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். மெழுகு போய் உலோகம் வருவதற்கு முன்னால் உள்ள அந்த வெற்றிடம் ஸ்தபதிக்கு ஒரு கணக்கு மட்டுமே: எத்தனை கிலோ மெழுகு போனதோ அதை வைத்து எத்தனை கிலோ ஐம்பொன் வேண்டும் என்பது.

அவள் யோசித்தாள். அடுத்த தடவை கூடத்துக்குப் போனபோது அச்சு தயாராக இருந்தது. மெழுகை உருக்கி எடுத்திருந்தாள். உலோகம் ஊற்றவில்லை. அச்சை ரம்பத்தால் நெடுக்காக இரண்டாக அறுத்து வைத்திருந்தாள். உள்ளே சப்பாத்தின் வடிவத்தில் ஒரு குழி. சரிந்து தேய்ந்த ஓரம், மண்ணில் திட்டாக மேலெழும்பித் தெரிந்தது. இல்லாமல் போனது இங்கே இருப்பதாகிவிட்டது. நான் சுவாமிமலையில் எத்தனையோ வார்ப்பு பார்த்திருக்கிறேன். அந்தக் குழியை நின்று பார்த்ததில்லை.

அந்த வார இறுதியில் மாணவர்கள் தங்கள் வேலைகளைக் காட்டும் மாலை. அவளுடைய திட்டத்தில் அப்பா ஒரு வேலைநேரம் முழுக்க எல்லோர் முன்னாலும் கோப்பை கழுவ வேண்டும். “நான் அந்தக் காலத்தில கழுவினது காணாதோ?” என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆகவே சப்பாத்தை மகளே போட்டுக்கொண்டாள். அளவு பெரிது, முன்னால் செய்தித்தாளைத் திணித்திருந்தாள். அம்மா நீத்துப்பெட்டியில் புட்டு அவித்துக் கொடுக்க, வந்தவர்கள் கோப்பையில் வாங்கிச் சாப்பிட்டுத் தொட்டிக்குள் போட்டார்கள். அவள் கழுவிக்கொண்டே இருந்தாள். பேச்சில்லை. தண்ணீர்ச் சத்தமும், குதிகால் கழன்று கழன்று தரையில் தட்டும் சத்தமும். அப்பா விருந்தாளியாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வந்த கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எழுந்து போய்த் தொட்டியில் திரும்ப வைத்தார்.

“எண்ணெய்ப் பிசுக்கு நிக்குது பிள்ளை. சுடுதண்ணியில கழுவு.”

கூட்டம் சிரித்தது. இதுவும் நிகழ்வின் பகுதி என்று நினைத்தார்கள். மகள் சிரிக்கவில்லை, திரும்பக் கழுவினாள். அன்று பார்த்ததில் சிறந்த கணம் அதுதான், யாரும் எழுதி வைக்காதது.

பாசல் என்றால் ஜான் டிங்கேலியின் ஊர். பழைய இரும்பைச் சேர்த்து ஓடும் சிற்பங்கள் செய்தவர். 1960-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத் தோட்டத்தில், தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை ஓடவிட்டார். சைக்கிள் சக்கரங்களும் பியானோவும் சேர்ந்தது. கடைசியில் தீயணைப்பு வீரர் வர வேண்டியிருந்தது. பாசல் நகர நடுவில் பழைய நாடக அரங்கை இடித்த இடத்தில், அதன் மேடை இயந்திரங்களின் பாகங்களைக் கொண்டே 1977-இல் ஒரு நீரூற்று அமைத்தார். இரும்பு உருவங்கள் இன்றும் அங்கே தண்ணீரை அள்ளி வீசியபடி நடித்துக்கொண்டிருக்கின்றன.

ரைன் கரையில் அவருக்கான அருங்காட்சியகம், மாரியோ போட்டா கட்டியது, 1996-இல் திறந்தது. சிலைகளின் முன்னால் தரையில் பொத்தான். காலால் அழுத்தினால் ஓடும், பிறகு ஓய்வெடுக்கும். எத்தனை அழுத்தினாலும் ஓய்வு முடியாமல் எழாது. பழைய மோட்டார்களைக் காப்பாற்ற அந்த ஏற்பாடு. பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.

ஓர் அறையில் பிள்ளைகளும் அமைதியாகிவிடுகிறார்கள். 1986-இல் டிங்கேலி அப்போது குடியிருந்த கிராமத்துக்கு அருகே ஒரு பண்ணைவீடு இடி விழுந்து எரிந்தது. கருகிய உத்திரங்களையும் விவசாயக் கருவிகளையும் அவர் அள்ளி வந்தார். சாம்பலுக்குள் கிடந்த மக்காச்சோள அறுவடை இயந்திரத்தில் தயாரித்த நிறுவனத்தின் பெயர்: மெங்கலே. ஆஷ்விட்ஸ் முகாமின் மருத்துவர் யோசெப் மெங்கலேயின் குடும்பத்து நிறுவனம். அந்த இயந்திரத்தை நடுவில் பலிபீடமாக நிறுத்தி, மண்டையோடுகள் பூட்டிய கருவிகளைச் சுற்றி வைத்து ஒரு மரண நடனம் செய்தார். அவை மெதுவாக அசையும்போது கிரீச்சிடுகின்றன. சோளம் அறுத்த இரும்புதான். பெயரைப் படித்த பிறகு அதை வெறும் இரும்பாகப் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்தால் வெயில். வேலை முடிந்தவர்கள் உடைகளை மீன் வடிவப் பையில் சுருட்டி அடைத்து, அதையே மிதவையாகப் பிடித்துக்கொண்டு ரைனில் இறங்கி நகரத்தின் ஊடே மிதந்து போகிறார்கள். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஆறுதான் வழி. தஞ்சாவூர்க்காரனான எனக்கு ஆற்றைப் பார்த்துப் பொறாமை வந்த இடம் அது.

சூரிச்

ஸ்பீகல்காசே முதலாம் எண் வீடு. 1916 பிப்ரவரி 5 அன்று ஹூகோ பாலும் எமி ஹென்னிங்ஸும் இங்கே கபரே வோல்டேரைத் தொடங்கினார்கள். ஐரோப்பா முழுக்கப் பிணம் விழுந்துகொண்டிருந்த காலம். நடுநிலை நாட்டில் ஒதுங்கிய அகதிகள் கூடிய இடம். அதே சந்தில் 14-ஆம் எண்ணில் லெனின் குடியிருந்தார். அந்த ஜூனில் பால், அட்டையைக் குழாயாகச் சுற்றிய உடைக்குள் புகுந்து, பொருளற்ற ஒலிகளை ஒரு கவிதையாக ஓதினார். உடை விறைப்பாக இருந்ததால் நடக்க முடியவில்லை. விளக்கை அணைத்து ஆட்கள் தூக்கிவந்து மேடையில் நிறுத்தினார்கள்.

அந்தக் குழுவில் என் மதிப்புக்குரியவர் சோஃபி டாய்பர். பகலில் சூரிச்சின் கைவினைப் பள்ளியில் துணிவடிவமைப்பு ஆசிரியை. இரவில் முகமூடி போட்டு ஆடியவர். பள்ளிக்குத் தெரிந்தால் வம்பு என்பதால் சொந்தப் பெயரில் ஆடவில்லை. 1918-இல் ஒரு நாடகத்துக்காக அவர் வடிவமைத்த மரப்பாவைகள் உருளையும் கூம்புமாக இருக்கும். மூட்டுகளை மறைக்காமல் காட்டும். 1995-இல் வந்த ஐம்பது ஃப்ராங் நோட்டில் அவர் முகம் இருந்தது. வேலை போய்விடும் என்று முகமூடி போட்டவரின் முகத்தை அரசாங்கமே பிறகு அச்சடித்தது.

மாணவியும் வந்திருந்தாள். இருவரும் ரீட்பெர்க் அருங்காட்சியகம் போனோம். எடுவார்ட் ஃபொன் டெர் ஹைட் நகரத்துக்குக் கொடுத்த தொகுப்பைக் கொண்டு 1952-இல் திறந்தது. அங்கே நம் நடராசர், சோழர் கால வெண்கலம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் கல்லூரிக் காலத்தில் பார்த்த மாதிரியே வெற்று உலோகமாக நின்றார். முதுகையும், சடைமுடியின் பின்புறத்தையும் சுற்றி வந்து பார்க்கலாம். சிற்பம் படிப்பவனுக்கு அது வரம். அவளோ பேர்ன் கோயிலில் பட்டும் பூமாலையுமாக மட்டுமே சாமியைப் பார்த்து வளர்ந்தவள். சுற்றி வந்துவிட்டுக் கேட்டாள்:

“மாமா, இவரை எத்தினை பேர் தூக்கியிருப்பினம்?”

உற்சவ மூர்த்திகளின் பீடத்தில் தண்டு கோக்க ஏற்பாடு இருப்பதையும், தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் ஆகி மூக்கும் உதடும் மழுங்கிய செப்புத் திருமேனிகள் நம் கோயில்களில் இருப்பதையும் சொன்னேன். தூக்குகிறவர்களின் தோளில் எலுமிச்சம்பழம் போல் காய்ப்பு ஏறியிருப்பதையும் சொன்னேன். சிலை ஆளைத் தேய்க்கிறது, ஆள் சிலையைத் தேய்க்கிறான். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சிற்பம். இந்த அருங்காட்சியகத்துக்குப் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது.

அவளுக்கு உடனே நினைவுக்கு வந்தது ஹூகோ பால். “அவரையும் தூக்கித்தானே கொண்டந்தவை!” சிலை நடக்கிற ஊரில் பிறந்த எனக்கு அது தோன்றவில்லை.

ஸ்டாம்பா

கடைசியாக பெர்கெல் பள்ளத்தாக்கு. செயின்ட் மோரிட்ஸ் வரை சிவப்பு ரயில். அங்கிருந்து மஞ்சள் அஞ்சல் பேருந்து மலோயா கணவாயில் ஊசிக்கொண்டைத் திருப்பங்களில் இறங்குகிறது. இருபுறமும் செங்குத்துக் கருங்கல். பேச்சு இத்தாலியனாகிறது. ஸ்டாம்பாவுக்குக் கீழே செஸ்ட்நட் தோப்புகள். உருளைக்கிழங்கும் கோதுமையும் கஷ்டமாக இருந்த காலத்தில் இந்தக் கொட்டையை உலர்த்தி மாவாக்கித்தான் பள்ளத்தாக்கு பிழைத்தது. தங்கிய வீட்டுப் பாட்டி செஸ்ட்நட் மாவு அப்பத்தைத் தேனோடு தந்தார். லேசான கசப்பு, நம் பனங்கிழங்கு மாவு ஞாபகம் வந்தது.

இங்கே போர்கோனோவோவில் 1901-இல் பிறந்தவர் ஆல்பெர்ட்டோ ஜாக்கோமெட்டி. அப்பா ஜோவானி ஓவியர். 1966-இல் மகனையும் அதே ஊர்த் தேவாலயத்து முற்றத்தில் அடக்கம் செய்தார்கள். சிறுவயதில் ஊர்ப்பக்கத்துப் பெரும்பாறையின் அடிக்குழிக்குள் ஒளிந்து கிடந்த சுகத்தை அவர் 1933-இல் எழுதியிருக்கிறார். போர்க்காலத்தில் பாரிசுக்குத் திரும்ப முடியாமல் ஜெனீவாவில் ஒரு விடுதி அறையில் வேலை செய்தார். பெரிதாகத் தொடங்கினால் செதுக்கச் செதுக்கச் சிறுத்து விரலளவாகிவிடுமாம். அந்த வருடங்களின் வேலையைத் தீப்பெட்டிகளில் போட்டு எடுத்துக்கொண்டு பாரிஸ் திரும்பினார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது. பின்னாளில் அவர் செய்த ஒல்லியான நடக்கும் மனிதன் உலகம் முழுக்கத் தெரியும். சூரிச்சின் குன்ஸ்ஹவுஸில் அவருடைய சிலைகளின் மேற்பரப்பைக் கிட்டப் பார்த்தேன்: கத்தித் தடம், விரல் தடம், கிள்ளி எடுத்த குழி. சேர்த்ததைவிட எடுத்ததே அதிகம். மெருகு போட்டு மறைக்க அவர் முயன்றதே இல்லை.

பள்ளத்தாக்கில் நடந்தபோது ஒன்று தெளிவானது. இந்த நாட்டில் நான் நின்று பார்த்தவற்றில் பலவும் ஏதோ ஒரு வேலை பார்த்துத் தேய்ந்தவை, நைந்தவை, எரிந்தவை. அவற்றைக் கலையாக்க இவர்களுக்குப் பள்ளியும் பணமும் கண்காட்சிக் கூடமும் இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்த மாணவிக்கு வழி காட்டியது அவளுடைய அப்பாவின் சப்பாத்தும் யாழ்ப்பாணத்து நூல் ஒன்றும். அவை இரண்டும் நம்மிடமும் இருக்கின்றன.

நம் கவின்கலைக் கல்லூரிகளில் முதலாண்டில் பிளாஸ்டர் மூக்கையும் காதையும் நகல் எடுக்க வைக்கிறோம். கை பழக அது வேண்டும், நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு இன்னொரு பயிற்சியும் சேர்க்கலாம். ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருந்து தேய்ந்த பொருள் ஒன்றைக் கொண்டு வரட்டும்: பாட்டியின் அம்மிக்குழவி, அப்பாவின் தறி மிதிகட்டை, தெருவில் இஸ்திரி போடும் அண்ணனின் பெட்டிப் பிடி, தூய்மைப் பணிக்குப் போகும் அம்மாவின் கையுறை. எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, ஏன் என்று முதலில் ஒரு பக்கம் எழுதட்டும். அதன் பிறகு களிமண்ணைத் தொடட்டும். செலவில்லாத பாடம் இது. ஆசிரியர்கள் அடுத்த ஆண்டே தொடங்கலாம்.